நிமிடத்துக்கு அறுபது மூச்சு

போன மாதம் ஒரு மத்தியானம் நஸ்ரின் எனக்கு ஃபோன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. படிப்பில் படு கெட்டிக்காரி. மாடு தலையை ஆட்டினால் மட்டும் இரண்டடி பின்னால் போவாள்.

"மிஸ், பசறைக்குக் கீழ ஒரு மாட்டுப்பட்டியில நிக்கிறேன். சூட்டையும் ஈரத்தையும் கணக்குப் பண்ற ஆப் ஒண்டு தந்திருக்காங்கதானே, அது சிவப்பு காட்டுது. மாடு மூச்சு வாங்குது. என்ன செய்ய?"

"நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?"

அந்தப் பக்கம் இரண்டடி பின்னால் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு அறுபது இருக்கும் மிஸ்" என்றாள்.

எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணீர் பாதி சேலையில் கொட்டிவிட்டது. நஸ்ரின் பாவம், லைன்தான் கோளாறு என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த அறுபது எனக்கு எவ்வளவு பழக்கமான எண் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த கிழவி என்று நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

நான் அரசாங்கக் கால்நடைத் துறையில் போதனாசிரியராக இருந்தவள். போதனாசிரியர் என்றால், மாடு வளர்ப்பவர்களின் வீடு வீடாகப் போய்ப் புத்தி சொல்கிற உத்தியோகம். மாட்டுக்கு ஊசி போடுகிற டொக்டர் வேறு, நான் வேறு. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் இந்த வித்தியாசத்தையெல்லாம் யார் பார்த்தார்கள்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர் மிஸ் என்றால், மாட்டுக்காகச் சொல்லிக் கொடுப்பவள் மாட்டு மிஸ். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்த பிள்ளை அரசாங்க உத்தியோகத்துக்குப் போனதில் எங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மக மிஸ்ஸா இருக்கு" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமெல்லாம் சொல்வார். "எந்த ஸ்கூல்ல?" என்று கேட்டால் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பயிற்சி இரண்டு வருடம். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புல் வெட்டினோம், சாணி அள்ளினோம், பரீட்சை எழுதினோம். பாடப் புத்தகத்தில் மாட்டுக்கு வெயிலால் வரும் கோளாறுகள் என்று ஒரு பக்கம் இருந்தது. விரிவுரையாளர் அந்தப் பக்கத்துக்கு வந்ததும், "இது பொலன்னறுவைக்குப் போறவங்களுக்கு" என்று சொல்லித் திருப்பிவிட்டார். மலைநாட்டுக்காரர்கள் நாங்கள் எல்லோரும் சந்தோஷமாகத் திருப்பினோம். படிக்க ஒரு பக்கம் குறைந்ததே என்ற சந்தோஷம்தான். அந்த ஒரு பக்கம் பின்னால் என்னைத் தேடிக்கொண்டு வரும் என்று யார் கண்டது?

எங்களுக்கு அப்போது எதிரி குளிர்தான். மேல்கணக்கு என்று சொல்கிற மலையின் மேல் பிரிவு லயங்களில் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கும் மாடு தெரியாது. ஈரக் காற்றில் கன்றுகளுக்குச் சளி பிடிக்கும், மூன்றாம் நாள் போய்விடும். அதனால் நான் போகிற இடமெல்லாம் ஒரே பாட்டு: "பட்டிய அடைங்க. காத்து உள்ள வரக்கூடாது." சொன்னால் மட்டும் போதாது என்று, நானே கலர் பென்சிலில் ஒரு மாட்டுப்பட்டி வரைந்தேன். தாழ்ந்த கூரை, மூன்று பக்கமும் தகரம், நான்காவது பக்கத்தில் உரச்சாக்குத் திரை, மேலே கைக்குட்டை அளவு ஒரு ஜன்னல். அடியில் என் அழகான கையெழுத்தில் "காற்று புகக் கூடாது" என்று எழுதி, சிவப்பில் இரண்டு கோடும் போட்டேன். அதைப் பிரதி எடுத்துக் கணக்குக் கணக்காகக் கொடுத்தேன். கன்று சாவது குறைந்தது. எனக்குத் தலைக்கனம் கூடியது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்தக் காலத்தில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர் பண்டார டொக்டர். ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் காக்கி ஜாக்கெட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருப்பார். தோட்டங்களில் சுற்றிச் சுற்றியே தமிழ் பழகியவர் என்பதால், தோட்டத்தார் அவரிடம் பேசிய மரியாதைத் தமிழ் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதையே மாட்டிடமும் பேசுவார். "அம்மா, கொஞ்சம் காலை எடுங்க. ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்பார். எங்களிடம் அந்த அளவு மரியாதை காட்டியதாக நினைவில்லை.

அவர் மாடு பார்க்கிற முறை விசித்திரமாக இருக்கும். வந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மாடு கட்டியிருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைப்பார். இடது கைச் சுட்டுவிரலை உயர்த்துவார். விரல் மேலே இருக்கும்வரை ஒருவரும் பேசக் கூடாது. மாட்டின் கடைசி விலாவுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், அது ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழு நிமிடம் எண்ணுவார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "மத்த அரை நிமிஷம் மாடு என்ன செய்யும் மிஸ், தேத்தண்ணி குடிக்குமா?" என்றார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஐயா மூன்று தடவை "டொக்டர், வந்து..." என்று ஆரம்பித்து, மூன்று தடவையும் டொக்டர் ஒன்றுக்குத் திரும்பியதும், நான்காம் தடவை வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எண்ணி முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். மத்தியான வெயிலில் அரை மணி நேரம் அங்கேயே இருப்பார். ஏன் என்று கேட்டால், "நமக்கு இருக்க முடியலன்னா அவங்களுக்கும் முடியாது" என்பார். அவங்க என்றது மாட்டை. இதெல்லாம் பென்ஷன் நெருங்கிய மனிதரின் சோம்பேறித்தனம் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு எங்கே நேரம்? ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவள் நான்.

இனி சரோஜா அக்காவின் கதைக்கு வருகிறேன்.

சரோஜா அக்கா மேல்கணக்கில் கொழுந்து பறித்தவர். முழங்கால் தேய்ந்துபோய் மலை ஏற முடியாமல், வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் என் பேச்சைக் கேட்காமல் பட்டியைத் திறந்தே போட்டிருந்தார், முதல் கன்று குளிரில் செத்துப்போனது. அதற்குப் பிறகு என் சொல் அவருக்கு வேதவாக்கு. அடுத்து வந்த செவ்வந்தி என்ற கறுப்பு வெள்ளைப் பசு அவரிடம் நன்றாகச் செழித்தது. பால் சங்கத்துக்குப் போகிற கேனைத் தூக்கிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தால் முழங்கால் வலிக்காரி என்று சொல்ல முடியாது.

மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, மலையில் விரிசல் கண்ட இடமெல்லாம் அதிகாரிகள் வந்து அளந்தார்கள். சரோஜா அக்காவின் லயத்தையும் காலி பண்ணச் சொன்னார்கள். பசறைக்குக் கீழே, பள்ளத்தில், புது வீடு கிடைத்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் மேலே கம்பளி போர்த்திப் படுத்தவர்கள் கீழே விசிறி தேடினார்கள். செவ்வந்தியும் லொறியில் வந்து இறங்கினாள். இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று மூன்று மாதமாக நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து ஃபோன். "மிஸ், செவ்வந்தி வாயத் தெறந்துகிட்டு மூச்சு விடுறா. எச்சி ஒழுகுது. ரெண்டு நாளா தீனி எடுக்கல. எட்டு மாசம் மிஸ், வயித்துல இருக்கு."

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே குனிந்து போய் வெப்பமானியை வைத்தேன். நூற்றி ஐந்து. காய்ச்சல்! உடனே உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு கட்டினேன். வால் அடியிலும் காது மடலிலும் துழாவியதில் ஒரே ஒரு உண்ணி கிடைத்தது. எனக்கு அது போதும். உண்ணிக் காய்ச்சல் என்றால் மூத்திரம் சிவந்திருக்க வேண்டும், அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. உள்ளே நிற்கவே முடியாமல் வியர்த்துக் கொட்டியது. அவசரமாக வெளியே வந்து டொக்டருக்கு ஃபோன் பண்ணினேன்.

"உண்ணிக் காய்ச்சல் டொக்டர். மருந்தோட வாங்க."

"நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?"

எண்ணியிருந்தால்தானே சொல்வதற்கு? "அறுபது" என்றேன். அறுபது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கேட்பதற்கு முழுசாக, நம்பும்படியாக இருந்தது. அவ்வளவுதான்.

டொக்டர் வரும்வரை சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம் அல்லவா? இரண்டு சாக்கை நனைத்துச் செவ்வந்தியின் முதுகில் போடச் சொன்னேன். வெயில் அடிக்கிறதே என்று, மேலே சுருட்டி வைத்திருந்த முன்பக்கத்துச் சாக்குத் திரையையும் இறக்கிவிட்டேன். செய்ததை நினைத்தால் இன்றைக்கும் முதுகு வேர்க்கிறது.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது. டொக்டர் வாளியோடு உள்ளே போனார். விரலை உயர்த்தினார். பாதியில் சரோஜா அக்கா, "டொக்டர் தேத்தண்ணி?" என்று கேட்டுவிட்டார். திரும்ப ஒன்று. திரைக்கு வெளியே நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நூத்திப் பதினெட்டு" என்ற குரல் வந்தது. "மிஸ், இது ரெண்டு மாட்டு மூச்சு. உங்க அறுபது போக மத்த மாடு எங்க?"

அவர் என் கையைப் பிடித்து, செவ்வந்தியின் முதுகில் கிடந்த ஈரச் சாக்குக்கு அடியில் விட்டார். சோற்றுப்பானை மூடியைத் தொட்ட மாதிரிக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"காய்ச்சல் இல்ல மிஸ். இவங்க வேகுறாங்க. காத்து இல்லாத இடத்துல தண்ணி ஊத்தி மூடினா அது ஆவிதானே" என்றார். பிறகு மூன்று பக்கத்துத் தகரத்தையும் பார்த்தார். "இந்தப் பட்டி யாரு கட்டினது?"

சரோஜா அக்காவின் முகம் மலர்ந்தது. "மிஸ்ஸோட படத்தப் பாத்து நானும் வீட்டுக்காரரும் கட்டுனது டொக்டர். ஒரு அங்குலம் தப்பல" என்று சொல்லி, வீட்டுக்குள் போய் ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்து வந்தார். முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவில் இருந்ததாம். ஓரத்தில் சந்தனம் வேறு. டொக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்: "கா... ற்று... பு... கக்... கூடாது." இரண்டு சிவப்புக் கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு பக்கமும் கழட்டணும். இப்பவே" என்றார்.

சரோஜா அக்கா தகரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "வேணாம் டொக்டர். மிஸ் சொன்னதக் கேக்காமத்தான் மொத கன்னு செத்துச்சு. இவளும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? என் முட்டிக்கு இனி மலை ஏற முடியாது. எனக்குப் பெரட்டும் கொழுந்தும் எல்லாமே இவதான்." காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டிலிருந்து சாயங்காலம்வரை ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு என்னவெல்லாம் உண்டோ, அத்தனையும் அந்தப் பசு என்றார். உள்ளே செவ்வந்தி நாக்கை வெளியே தொங்கவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். வயிறு ஒரு பக்கம் துடித்தது. அது தாயின் மூச்சா கன்றின் துடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

டொக்டர் என்னைப் பார்த்தார். சரோஜா அக்காவும் என்னைப் பார்த்தார். என் உத்தியோகத்தில் அதுவரை நான் சொல்லியிராத ஒரு வசனம் இருந்தது.

"அக்கா, நான் சொன்னது தப்பு" என்றேன். "மேல இருந்தப்ப சரி. இங்க தப்பு. கீழ வந்த பிறகு ஒரு தடவ வந்து பாத்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். வரல. இன்னைக்கும் மூச்ச எண்ணல, வாய்க்கு வந்தத சொன்னேன். ஏசுறதுன்னா பிறகு ஏசுங்க. இப்ப கழட்டுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட ஏச்சு மேல். பிறகு வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். சாக்குத் திரையின் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தகரத்தைப் பிடித்து இழுத்தேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"குடிக்கத் தண்ணி வைங்க. கால்ல ஊத்துங்க, பிறகு முதுகுல. தோல் நனையணும். பிறகு காத்து. பிறகு திரும்பத் தண்ணி" என்றார் டொக்டர்.

தண்ணீருக்குக் குழாயும் வாளியும் இருந்தன. காற்றுக்கு எங்கே போவது? சரோஜா அக்காதான் யோசனை சொன்னார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற தடித்த படங்கு எல்லோர் வீட்டிலும் இருந்தது. இரண்டு பெண்கள் ஒரு படங்கின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக வீச, அடுத்த ஜோடி அந்தப் பக்கத்திலிருந்து வீச, செவ்வந்திக்குக் கல்யாணப் பெண்ணுக்குக்கூடக் கிடைக்காத உபசாரம். கொழுந்துப் பாட்டு ஒன்றை ஒருத்தி எடுத்துவிட்டாள். டொக்டர் விரலை உயர்த்தியதும் பாட்டு, படங்கு, தண்ணீர் எல்லாம் நிற்கும். எண்ணி முடித்து விரலை இறக்கியதும் திரும்ப ஆரம்பிக்கும். நூற்றியிரண்டு என்றார். அப்புறம் தொண்ணூறு என்றார். ஜாக்கெட் பொத்தானில் முதல் ஒன்றை அவர் கழற்றியதை என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

நாலு மணி இருக்கும். செவ்வந்தி வாயை மூடினாள். ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் இழுத்தாள். டொக்டர் கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். வாளியில் உட்கார்ந்து முழு நிமிடம் எண்ணினேன். எண்ணி முடித்தபோது எனக்கே சந்தேகமாக இருந்தது.

"அறுபது" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. டொக்டர் கடிகாரத்தைப் பிடுங்கித் தானே எண்ணினார். "அறுபத்தொண்ணு. பரவாயில்ல மிஸ், முன்னேற்றம் இருக்கு" என்றார். சரோஜா அக்கா அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

திரும்பும்போது ஜீப்பில் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விரலை உயர்த்தினார். அப்போது எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. வளைவு தாண்டியதும், "என்னோட முதல் மாட்டுக்கு நான் நாப்பதுன்னு சொன்னேன்" என்றார்.

"அந்த மாடு டொக்டர்?"

"எண்ணியிருந்தா இருந்திருக்கும்" என்று சொல்லி கியரை மாற்றினார்.

அந்தப் பங்குனி முடியும்வரை சரோஜா அக்கா புல்லை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் போட்டார், வெயில் நேரத்தில் வயிறு நிறைந்த மாட்டுக்குச் சூடு கூடும் என்பதால். கூரையை இரண்டு முழம் உயர்த்தினோம். ஐந்து வாரத்தில் செவ்வந்தி கன்று போட்டாள். ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது, கிடேரிக் கன்று. பெயர் வைத்ததைத்தான் சரோஜா அக்கா என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் வாசலில் கால் வைக்கும்போது உள்ளிருந்து, "மிஸ், வாய வச்சிகிட்டு சும்மா இருக்க மாட்டியா? எல்லாத்துலயும் மூக்க நுழைக்கணுமா?" என்று சத்தம் கேட்டது. திகைத்துப்போய் நின்றேன். கன்று தவிட்டு வாளிக்குள்ளிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தது. பழிவாங்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்ன?

பழைய படத்தைக் கிழிக்கக் கொடுங்கள் என்றேன். சாமி படத்தோடு இருந்ததைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் புதிதாக ஒன்று வரைந்து, "காற்று புக வேண்டும்" என்று எழுதி, அதே சிவப்பில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கீழே குடிவந்த மற்ற வீடுகளுக்கும் ஏறி இறங்கி, பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கினேன். அநேகமாக எல்லாமே கிடைத்துவிட்டன என்றுதான் ஓய்வு பெறும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரினிடம் வருகிறேன்.

"பக்கத்துல வாளி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மிஸ்."

"கவுத்துப் போட்டு உக்காருங்க. ஃபோன வைக்க வேணாம். சத்தமா எண்ணுங்க, நான் நேரம் பாக்கிறேன்."

எண்ணினாள். நாற்பது வரை குரலில் கடைக்காரப் பிள்ளையின் தைரியம் இருந்தது. அறுபதைத் தாண்டும்போது, நிமிடத்தில் பாதிதான் ஆகியிருந்தது. குரல் மெலிந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை, அது அவளுடைய நல்ல குணம். நிமிடம் முடிந்தபோது நூற்றிப் பன்னிரண்டு.

"மிஸ், சொறி மிஸ்" என்றாள்.

"அத விடுங்க. இப்ப உள்ள உக்காந்து பாத்தீங்கதானே, எப்படி இருக்கு?"

"மூச்சு முட்டுது. மூணு பக்கமும் தகரம். முன்னுக்குச் சாக்கு." கொஞ்சம் தயங்கினாள். "மிஸ், இங்க சுவத்துல ஒரு படம் ஒட்டியிருக்கு. கலர் பென்சில்ல வரைஞ்சது. கீழ சிவப்புல ரெண்டு கோடு. இது உங்கட கையெழுத்தா மிஸ்?"

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"முதல்ல தகரத்தக் கழட்டுங்க, பிறகு தண்ணி" என்றேன். "படத்துல கை வைக்காதீங்க. அத நானே வந்து கிழிக்கிறேன்."

தேத்தண்ணீர் கொட்டிய சேலையோடு பசறை பஸ்ஸைப் பிடிக்க இறங்கி ஓடினேன்.